எத்தனை படம் இருக்கிறது என்று பார்த்துச் சந்தா கட்டாதீர்கள்: வன்னி வீடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையவழிப் படச் சேவை ஒன்றில் சேர நினைக்கும் குடும்பங்கள் கிளிநொச்சியானாலும் முல்லைத்தீவானாலும் முதலில் கேட்பது, "அதில எத்தனை படம் இருக்கு?" என்பதைத்தான். பெரும்பாலான தவறுகள் இந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன. நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2023 டிசம்பரில் தன் பார்வை நேரக் கணக்கை முதன்முறையாக விரிவாக வெளியிட்டது. அவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களுக்கான அந்தப் பட்டியலில் 18,000க்கும் மேற்பட்ட தலைப்புகள் இருந்தன; தொடர்களின் ஒவ்வொரு பருவமும் (சீசன்) தனித்தனித் தலைப்பாகவே எண்ணப்பட்டிருந்தது. முதலிடம் பெற்ற தொடரின் ஒரு பருவத்தை மட்டும் உலகெங்கும் 81 கோடி மணி நேரம் பார்த்திருந்தார்கள். பட்டியலின் அடியிலோ, ஓர் இலட்சம் மணி நேரத்தோடு நின்றுபோன தலைப்புகள் ஏராளம். படங்களைக் காட்டும் உரிமம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அந்த எண்ணிக்கை முழுவதும் இலங்கையில் திறக்கும் கணக்கில் கிடைக்கும் என்று கொள்ளவும் முடியாது.

ஆகவே எண்ணிக்கையைக் கேட்பதை விட்டுவிட்டு, வீட்டிலுள்ளவர்கள் உண்மையில் பார்க்க விரும்பும் ஐந்தாறு படங்களையோ தொடர்களையோ ஒரு தாளில் எழுதி, அவை அந்தச் சேவையில் உள்ளனவா, உள்ளவை தமிழ்க் குரலோடு வருகின்றனவா, அல்லது திரைக்கு அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகளோடு மட்டும் வருகின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும். தமிழ்க் குரல் இருப்பதாகக் காட்டினாலும் பத்து நிமிடம் கேட்ட பின்னரே நம்பலாம். அவசரத்தில் செய்த குரல்மாற்றத்தில் பாத்திரங்கள் அனைவரும் ஒரே சுருதியில் பேசுவார்கள். அம்மம்மா ஒருவர் அதை எவ்வளவு நேரம் சகித்துக்கொண்டு இருப்பார்?

நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய தவறு, படத்தின் விலையைச் சந்தாத் தொகையோடு முடித்துக்கொள்வது. கம்பி இணைப்பு வந்து சேராத ஊர்களில் பார்ப்பதெல்லாம் ரீலோட் செய்த டேட்டாவில்தான். நெட்பிளிக்ஸ் தரும் கணக்கின்படி, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த தரத்தில் 0.3 ஜிபியும், நடுத்தரத்தில் 0.7 ஜிபியும், எச்.டி. தரத்தில் 3 ஜிபி வரையும், 4கே தரத்தில் 7 ஜிபி வரையும் செலவாகும். முக்கால் மணி நேர அத்தியாயங்கள் எட்டுக் கொண்ட தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் ஆறு மணி நேரம். அதை எச்.டி.யில் பார்த்தால் 18 ஜிபி வரை போகும், நடுத்தரத்தில் 4.2 ஜிபி போதும். கைத்தொலைபேசியின் சிறு திரையில் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பலருக்குத் தெரிவதே இல்லை. அமைப்புப் பகுதிக்குப் போய்த் தரத்தை ஒருமுறை மாற்றிவைப்பதும், பட்டியலை உருட்டும்போது தானாக ஓடும் முன்னோட்டங்களை நிறுத்திவைப்பதும், பக்கேஜில் இரவு நேர டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் தரவிறக்கி வைத்துப் பகலில் பார்ப்பதும் பெரிய சேமிப்பு. எந்தப் படத்தைப் பார்ப்பது என்று முடிவெடுக்காமல் அரைமணி நேரம் உருட்டிக்கொண்டிருப்பதற்கும் டேட்டா போகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அதிகம் பார்க்கப்பட்டவை என்று சேவை காட்டும் 'முதல் பத்து' பட்டியலைத் தரச்சான்றாக எடுத்துக்கொள்வதும் தவறு. 2020இல் நெட்பிளிக்ஸ், ஒருவர் இரண்டு நிமிடம் பார்த்தாலே அதை ஒரு பார்வையாக எண்ணியது. 2023 நடுப்பகுதியிலிருந்து, மொத்தப் பார்வை நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்துப் பார்வைகளைக் கணிக்கிறது. இது முன்னையதைவிட நேர்மையான கணக்கு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் தொடங்கியவர்களில் எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள் என்பதை அது சொல்வதில்லை. நான் பெரிதாக மதிப்பது, தொடர் முழுமையாக நிறைவடைந்ததா என்ற கேள்வியை. முதற்பருவத்தோடு கைவிடப்பட்ட தொடர்கள் எல்லாச் சேவைகளிலும் கிடக்கின்றன. விடை தெரியாத முடிச்சுக்காக எட்டு மணி நேரத்தைக் கொடுப்பது வீண்.

மறுபக்கத் தவறும் உண்டு. குறைவாக இருந்தால் தரமாகத்தான் இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். ஆப்பிள் நிறுவனத்தின் சேவை 2019 நவம்பரில் பழைய படக் களஞ்சியம் எதுவுமின்றி, விரல்விட்டு எண்ணத்தக்க சொந்தத் தொடர்களோடுதான் தொடங்கியது. 2022இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதை இணையச் சேவைகளில் முதலாவதாகப் பெற்றதும் அதுவே. ஆனால் தமிழில் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு அந்த விருதால் என்ன பயன்? தரம் என்பது பார்ப்பவருக்கு எட்ட வேண்டும்.

இன்று இருப்பது என்றும் இருக்கும் என்று எண்ணவும் கூடாது. 2023 மே மாதத்தில் டிஸ்னி நிறுவனம், தானே தயாரித்த பல தொடர்களையும் படங்களையும் தன் சேவைகளிலிருந்து நீக்கி, அவற்றின் மதிப்பைக் கணக்கில் 150 கோடி டொலர் அளவுக்குக் குறைத்து எழுதியது.

ஆண்டு முழுவதும் இரண்டு மூன்று சேவைகளுக்குப் பணம் கட்டுவது நம் வாழ்க்கை முறைக்கு ஒவ்வாது. காலபோக விதைப்பு நாட்களில் வயலிலிருந்து களைத்து வருபவருக்குத் திரையைத் திறக்க நேரம் ஏது? மாதச் சந்தாவாக எடுத்திருந்தால் அந்த மாதங்களில் நிறுத்திவிட்டு, அறுவடை முடிந்து ஓய்வு கிடைக்கும்போது ஒரேயொரு சேவையைத் திறந்து, தாளில் எழுதியதைப் பார்த்து முடித்து, அடுத்த முறை வேறொன்றுக்கு மாறலாம். கணக்கைத் திறந்தவுடன் சிறுவருக்கும் முதியவருக்கும் தனித்தனிச் சுயவிவரம் அமைப்பதும் அவசியம்; எல்லோரும் ஒன்றிலேயே பார்த்தால் பேரனின் கார்ட்டூன் படங்களே தாத்தாவுக்கும் பரிந்துரையாக வந்து நிற்கும்.

யூடியூப்பில் தொடர் எடுக்கும் நம் இளைஞர்களுக்கும் இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இருபது நிமிடக் கதையைப் பத்துப் பாகமாக இழுத்து வாரம் தவறாமல் ஏற்றுவதற்காக ஒலியைக் கைவிடுகிறார்கள். கச்சான் காற்று வீசும் வெளியில், கமராவின் உள்ஒலிவாங்கியை மட்டும் நம்பி எடுத்த உரையாடலைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. சட்டையில் பொருத்தும் ஒலிவாங்கியையும் அதற்கான காற்றுத்தடுப்பு உறையையும் முதலில் வாங்குங்கள். பாகங்களைப் பாதியாகக் குறைத்து, மிஞ்சும் நாட்களில் நடிப்பவர்களைத் தம் ஊர்ப்பேச்சிலேயே பேசிப் பழக விடுங்கள்.