நம் ஊர்க் கவிதையை நகரப் பேருந்தில் வைப்பது எப்படி?

தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் பயணம் செய்வோருக்குத் திருக்குறள் பலகை புதிதல்ல. ஏழே சீர்களில் முடிந்துவிடுவதால், அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவரும் குறளை முழுதாகப் படித்துவிட முடிகிறது. லண்டன் சுரங்க ரயில்களில் 1986 முதல் விளம்பரங்களுக்கு நடுவே கவிதைகள் இடம்பெற்று வருகின்றன. பேருந்து செல்லும் தடத்திலேயே வாழ்கிற கவிஞரின் வரிகளுக்கும் அதில் ஓரிடம் வேண்டும் என்று விரும்பும் வாசகர் வட்டங்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தடத்தை முடிவுசெய்யுங்கள். கவிதையைப் பிறகு தேடலாம். ஆற்றுப் பாலத்தைக் கடந்து சந்தைக்குப் போகும் பேருந்தில் அந்த ஆற்றைப் பாடிய கவிதை இருந்தால், படித்தவர் சன்னலுக்கு வெளியே ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். எட்டு வரிக்கு மேல் வேண்டாம். நீண்ட கவிதையிலிருந்து நான்கு வரிகளை வெட்டியெடுப்பதற்குக் கவிஞரே சம்மதித்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கவிஞரின் இசைவை எழுத்தில் பெறுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கவிஞர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிப்பதால், மறைந்தவரின் கவிதைக்கு உரிமை வைத்திருக்கும் வாரிசுகளையோ பதிப்பகத்தையோ அணுக வேண்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட படைப்புகளுக்கு இது தேவையில்லை. பிறகு, தமிழ்நாட்டின் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் உங்கள் பகுதிக்குரியதன் மண்டல அலுவலகத்துக்கு, மாதிரித் தாள், அளவு, ஒட்டும் இடம், அகற்றும் நாள் ஆகியவற்றுடன் விண்ணப்பியுங்கள். விளம்பரத்துக்குக் குத்தகை விடப்படாத இடம் எது என்பதைப் பணிமனையில் நேரில் கேட்டறிவது நல்லது.

அச்சில்தான் பலரும் தவறுகிறார்கள். மூன்று மீட்டர் தொலைவுக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் உயர எழுத்து என்று கணக்கு வைத்துக்கொண்டால், கம்பியைப் பிடித்து நிற்பவருக்கும் வரிகள் தெளிவாகத் தெரியும். மெல்லிய எழுத்துருவில், குலுங்கும் வண்டியில் புள்ளி முதலில் மறையும். புள்ளி மறைந்தால் 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். இடம் போதவில்லை என்று கவிஞர் முறிக்காத இடத்தில் வரியை முறிக்காதீர்கள். பளபளப்பான மேலுறை வெயிலிலும் குழல்விளக்கிலும் கண்ணைக் கூசச் செய்வதால், மங்கலான மேலுறையையே அச்சகத்தில் கேளுங்கள். அவசர வழி, முதலுதவிப் பெட்டி, இருக்கை ஒதுக்கீட்டு அறிவிப்பு எதையும் தாள் மறைக்கக் கூடாது.

கவிஞரின் பெயருக்கு முன் ஊரையும் அச்சிடுங்கள். ஒக்கூர் மாசாத்தியார், மதுரை மருதனிளநாகனார் என்று ஊரோடு சேர்த்தே புலவரைச் சொல்வது சங்கத் தொகைகளிலேயே உள்ள வழக்கம்.

எல்லா வண்டிகளிலும் ஒட்டுவதற்கு முன் ஒரே ஒரு வண்டியில் ஒட்டி, கூட்ட நேரத்தில் ஏறிக் கடைசி இருக்கையிலிருந்து படித்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவிதையை மாற்றுங்கள். அகற்றும்போது பசைத் தடத்தையும் துடைத்துவிட்டால், அடுத்த முறை பணிமனைக்குள் நுழைய உங்களுக்குத் தயக்கம் இருக்காது.