வதிவிட விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது துணைவருடன் வெளிநாட்டில் தங்குவது எப்படி

திருமணம் முடிந்து, கணவனோ மனைவியோ வாழும் நாட்டுக்கு வந்து சேர்ந்து, வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் பலரும் ஒரே நம்பிக்கையைத்தான் சொல்கிறார்கள்: மனு கொடுத்தாயிற்று, கட்டணமும் கட்டியாயிற்று, இனி முடிவு வரும்வரை இங்கேயே இருக்கலாம். சில நாடுகளில் இது சரி. சில நாடுகளில் ஏறக்குறைய சரி. வேறு சில நாடுகளில் முற்றிலும் தவறு. விண்ணப்பித்திருப்பது ஒன்று, தங்கியிருக்கும் உரிமை வேறொன்று. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, துணைவருடன் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் விடை காண்பதுதான்: இன்றிரவு இந்த நாட்டில் என்னைச் சட்டப்படி தங்க வைத்திருக்கும் தாள் எது, அது எந்தத் தேதியோடு முடிகிறது? இதற்கு இருவராலும் ஒரே விடையைச் சொல்ல முடியவில்லை என்றால், மற்ற வேலைகளை ஒத்திவைத்துவிட்டு அதைக் கண்டுபிடியுங்கள்.

விடை நாட்டுக்கு நாடு மாறும். ஐக்கிய இராச்சியத்தில், கையில் உள்ள அனுமதி காலாவதியாகும் முன்பே புதிய விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டால், 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு பழைய அனுமதியை அதே நிபந்தனைகளோடு முடிவு வரும்வரை நீட்டிக்கிறது. ஒருநாள் பிந்தினாலும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. மாணவர் விசாவில் இருப்பவர் துணைவர் விசாவுக்கு உள்ளிருந்தே மாறலாம். சுற்றுலாப் பயணியாக வந்தவர் மாற முடியாது. ஆஸ்திரேலியாவில் உள்ளிருந்து துணைவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவருக்குப் பொதுவாக பிரிட்ஜிங் விசா ஏ என்ற இடைக்கால விசா கிடைக்கும். கையில் உள்ள விசா முடியும்போது அது செயலுக்கு வரும். ஆனால் உங்கள் சுற்றுலா விசாவில் 8503 என்ற, மேற்கொண்டு தங்க அனுமதியில்லை என்னும் நிபந்தனை பதிந்திருந்தால், அதற்கு விலக்குப் பெறாமல் அங்கிருந்து விண்ணப்பிக்கவே இயலாது. விசாக் கடிதத்தில் நான்கு இலக்க எண்களாக ஒரு மூலையில் கிடக்கும் இந்த நிபந்தனைகளைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை.

கனடாவில் சறுக்குபவர்கள் அதிகம். அங்கே துணைவர் பொறுப்பேற்று ஆதரவளிக்கும் ஸ்பான்சர் முறையில் நிரந்தர வதிவிடத்துக்கு உள்ளிருந்து விண்ணப்பிப்பதனால் மட்டும் தங்கும் தகுதி நீள்வதில்லை. பார்வையாளர் தகுதியை நீட்டிக்கவோ வேலை அனுமதிக்கோ தனியாக இன்னொரு விண்ணப்பம், அதுவும் தற்போதைய தகுதி முடியும் முன்பே, கொடுக்க வேண்டும். அந்த இரண்டாவது மனுதான் முடிவு வரும்வரை உங்களைத் தாங்கிப் பிடிக்கிறது. தவறவிட்டால் 90 நாட்களுக்குள் தகுதியை மீட்டுத் தரும்படி கேட்கலாம். அமெரிக்காவில் இதே குழப்பம் வேறு வடிவில் வருகிறது. துணைவர் கொடுக்கும் ஐ-130 மனு உறவை நிறுவுவதற்கானது. அது யாருக்கும் தங்கும் உரிமை தராது. உள்ளிருந்தபடி கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 படிவம் ஏற்கப்பட்டு நிலுவையில் இருக்கும்போதுதான், அனுமதிக்கப்பட்ட தங்கலில் இருப்பதாக நீங்கள் கருதப்படுகிறீர்கள். அப்போதும் பழைய விசாத் தகுதி நீள்வதில்லை. மனு மறுக்கப்பட்டால் அந்தக் குடை ஒரே நாளில் மூடிக்கொள்ளும் என்பதால், எச்1பி என்ற வேலை விசாத் தகுதி போன்ற ஒன்று ஏற்கெனவே இருந்தால் அதைக் கைவிடாமல் தொடர்வதே அறிவுடைமை என்பது என் கருத்து.

ஜெர்மனியில் குடும்ப இணைவு விசாவில் வந்தவர் அது முடியும் முன் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்தால், வெளிநாட்டினர் அலுவலகம் ஃபிக்டியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலச் சான்றைத் தரும். பெயரை உச்சரிக்க நாக்கு சுளுக்கும். ஆனால் வாடகை வீடு, வங்கி, வேலை எல்லாவற்றுக்கும் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும். ஓர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் குடிமகன் இன்னோர் ஒன்றிய நாட்டில் குடியிருந்தால், அவருடைய துணைவரின் நிலை இவை எல்லாவற்றையும்விட வலுவானது. ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டின் 38ஆம் எண் நெறிமுறையின்படி அவருக்குத் தங்கும் உரிமை உறவிலிருந்தே பிறக்கிறது, வதிவிட அட்டை அதை உறுதிப்படுத்துகிறது, அவ்வளவே. விண்ணப்பித்ததற்கான சான்றை உடனடியாகவும் அட்டையை 6 மாதங்களுக்குள்ளும் தர வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. ஆனால் தன் சொந்த நாட்டிலேயே வாழும் குடிமகனின் துணைவருக்குப் பொதுவாக இந்த நெறிமுறை பொருந்தாது. அங்கே அந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டம்தான்.

சுற்றுலா அனுமதியில் வந்து தங்கியிருப்பவர்கள் நாட்களை எண்ணுவதில் கவனம் வைக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பல தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாட்களே தங்கலாம். வந்த நாளும் புறப்பட்ட நாளும் கணக்கில் சேரும். எல்லையைத் தாண்டிப் போய் மறுநாள் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடாது. அமெரிக்காவில் சட்டவிரோதத் தங்கல் 180 நாட்களைத் தாண்டியபின் வெளியேறினால் 3 ஆண்டுகளும், ஓராண்டு அல்லது அதற்கு மேலானால் 10 ஆண்டுகளும் மீண்டும் நுழையத் தடை விழும். அது மட்டுமன்று: உள்ளே தங்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தை மறைத்துக்கொண்டு, எல்லையில் சுற்றிப்பார்க்க மட்டுமே வருவதாகச் சொல்லி நுழைவது, பின்னர் கொடுக்கும் உண்மையான விண்ணப்பத்தையும் கறைப்படுத்திவிடும். எல்லையில் கேட்டால், திருமணம் ஆனதையும் விண்ணப்பம் நிலுவையில் இருப்பதையும் உள்ளபடியே சொல்லுங்கள்.

வெளியே போகும் முன்

காத்திருக்கும் காலத்தில் மனிதர்களை மிகவும் வதைப்பது பயணம்தான். ஊரில் ஒரு மரணம், ஒரு திருமணம், நோயில் கிடக்கும் பெற்றோர் என்று எதற்காகவேனும் அழைப்பு வந்தே தீரும். அந்த நேரத்தில் மனம் விமானச்சீட்டைத் தேடுமே தவிர விதிகளைத் தேடாது. ஆதலால் அழைப்பு வருவதற்கு முன்பே விதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளியேறினால், அதை நீங்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கொள்வார்கள். அமெரிக்காவில் அட்வான்ஸ் பரோல் என்ற முன்அனுமதி இல்லாமல் வெளியேறினால் ஐ-485 கைவிடப்பட்டதாகிவிடும். செல்லுபடியாகும் எச் அல்லது எல் என்ற வேலை சார்ந்த விசாவில் திரும்பி வருபவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் பிரிட்ஜிங் விசா ஏ வைத்திருப்பவர் வெளியேறலாம், ஆனால் அதைக்கொண்டு திரும்ப முடியாது. புறப்படும் முன் பிரிட்ஜிங் விசா பி வாங்கியிருக்க வேண்டும். ஜெர்மனியின் இடைக்காலச் சான்றிலும் இரண்டு வகை உண்டு: வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவின் கீழ் தரப்பட்டதில் பொதுவாக மறுநுழைவு உண்டு, 3ஆம் உட்பிரிவின் கீழ் தரப்பட்டதில் இல்லை. எந்த உட்பிரிவு என்பது சான்றிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

இத்தகைய பயண அனுமதியைத் தேவை வரட்டும் என்று காத்திராமல், பிரதான விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்டுவிடுவது நல்லது. அமெரிக்காவில் அதற்கான ஐ-131 படிவத்தையும் வேலை அனுமதிக்கான ஐ-765 படிவத்தையும் ஐ-485 உடன் சேர்த்தே அனுப்பலாம். பயன்படாமல் போனாலும் பாதகமில்லை.

வேலை

துணைவரின் வருமானத்தில் பல மாதங்கள் வாழ நேரும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தங்கும் உரிமை இருப்பதனாலேயே வேலை செய்யும் உரிமையும் இருப்பதாகாது; வேலை அனுமதி அட்டை கைக்கு வரும் நாள்வரை, தெரிந்தவர் கடையில் இரண்டு மணிநேரம் நின்று உதவுவதுகூடச் சட்டத்தின் பார்வையில் வேலையாகலாம். கணினி வழியே தாய்நாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்வது யாருக்கும் தெரியாது என்று பலர் எண்ணுகிறார்கள். ஊதியம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, வேலை எங்கே உட்கார்ந்து செய்யப்படுகிறது என்பதைப் பார்க்கும் நாடுகள் உண்டு. வரி அலுவலகமும் ஆண்டில் நீங்கள் அங்கே கழித்த நாட்களை எண்ணும்; பல நாடுகளில் அதற்கான எல்லை 183 நாட்கள். இந்த இடத்தில் ஊகத்தை நம்பாமல் எழுத்துப்பூர்வமான விடை பெறுங்கள்.

காகிதங்கள்

சேர்ந்து வாழ்கிறோம் என்பதற்கான சான்றைக் காத்திருக்கும் மாதங்களிலேயே சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். நேர்காணல் கடிதம் வந்தபின் தேடினால் கிடைக்காது. வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும், கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு இருவர் பெயரிலும் வரும் மின்கட்டணம், மருத்துவக் காப்பீடு ஆகியவை ஆல்பம் நிறையத் திருமணப் படங்களைவிட எடை கூடியவை. திருமணச் சான்றிதழ் வேறு மொழியில் இருந்தால் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பும், 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே என்றால் அப்போஸ்டில் என்ற, ஆவணம் உண்மையானது என்று உறுதிசெய்யும் அரசு முத்திரையும் தேவைப்படலாம். கடவுச்சீட்டிலும் திருமணச் சான்றிதழிலும் பெயரின் எழுத்துக் கோவை ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தந்தை பெயரை முதலெழுத்தாகப் போட்டு எழுதும் பழக்கம் நமக்கு. படிவம் குடும்பப் பெயர் கேட்கும். ஓரிடத்தில் விரித்தும் இன்னோரிடத்தில் சுருக்கியும் எழுதினால் இரண்டு மனிதர்களாகிவிடுவீர்கள்.

வீடு மாறினால் உடனே தெரிவியுங்கள். அமெரிக்காவில் இதற்கு 10 நாள் கெடு. கைரேகைப் பதிவுக்கான அழைப்புக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், வராதவர் என்று கோப்பு மூடப்படுவது நடக்கக்கூடியதே. ஏஜென்ட் ஒருவர் மூலம் விண்ணப்பித்திருந்தாலும், ஒப்புகைச் சீட்டின் நகலும் இணையக் கணக்கின் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்க வேண்டும். அவற்றைத் தர மறுப்பவரை மாற்றுவதே மேல்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உங்கள் கடவுச்சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும். ஸ்பான்சர் என்ற நிலையை மிரட்டுவதற்குப் பயன்படுத்தும் துணைவர்களும் உண்டு. மனுவைத் திரும்பப் பெற்றுவிடுவேன் என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் குடும்ப வன்முறைக்கு ஆளான துணைவருக்கெனக் குடிவரவு விதிகளில் தனி வழிகள் உள்ளன. எல்லா ஆவணங்களின் நகலையும் நீங்கள் மட்டும் திறக்கக்கூடிய மின்னஞ்சலில் போட்டுவைப்பது, நல்ல மணவாழ்விலும் தீங்கில்லாத ஏற்பாடுதான்.

மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் தேட வேண்டியது காரணத்தை அல்ல, கெடுத் தேதியை. ஐக்கிய இராச்சியத்தில் மேல்முறையீட்டு உரிமை இருந்தால், உள்ளிருந்து அதைச் செய்ய 14 நாட்கள்தான். அனுமதி வந்தாலும் அதேபோல் அட்டையின் தேதியைப் படியுங்கள்: அமெரிக்காவில் கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் திருமணமாகி 2 ஆண்டு நிறைவடையாதிருந்தால், தரப்படும் அட்டையும் 2 ஆண்டுக்கானதே, அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள், இருவரும் சேர்ந்து ஐ-751 கொடுத்து நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும்.