சட்டி மூடி போதும்: லிங்க்கின் கேடயத்தால் கார்டியனை வீழ்த்துவது எப்படி?

"மாமா, இந்தச் சிலந்தி மெஷின் ஒரே அடியில கொன்னுடுது. நல்ல கேடயம் எங்க கிடைக்கும், அத மட்டும் சொல்லு."

அக்கா பையன் நின்டென்டோ ஸ்விட்ச் கேம் கருவியோடு எங்கள் ராயபுரம் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறி வந்து கேட்டது இது. 2017-இல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்ட் என்ற செல்டா வீடியோ கேமை இப்போதுதான் தொடங்கியிருக்கிறான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கேடயத்தைத் தேடி அலையாதீர்கள், முதலில் நேரத்தைப் பிடியுங்கள். கையில் வெறும் சட்டி மூடி இருந்தாலும் கார்டியன் என்ற அந்தச் சிலந்தி மெஷின் சுடும் கதிரைத் திருப்பி அதன் மேலேயே அடிக்கலாம். அந்த மூடியின் தடுப்பு பலம் 1, அவன் தேடும் நல்ல கேடயமான ஹைலியன் கேடயத்துக்கு 90. திருப்பி அடிக்கும் அந்தக் கணத்தில் இரண்டும் ஒன்றுதான்.

பழகுவதற்கு, கேம் தொடங்கும் இடமான கிரேட் பிளாட்டோவில் இருக்கும் ஈஸ்டர்ன் அபி இடிபாட்டுக்குப் போங்கள். அங்கே கிடப்பவை சிதைந்த கார்டியன்கள், நடக்காது. ஒரே ஒரு கதிரைத் திருப்பினாலே வெடித்துவிடும். ஆனால் ஒன்றுக்கு மேல் இருப்பதால், சுவர் ஓரமாகவே போய் ஒன்றின் கண்ணில் மட்டும் படுகிற மாதிரி நில்லுங்கள். போவதற்கு முன் மறக்காமல் சேவ் செய்துவிடுங்கள். உயிர் அளவு வெறும் 3 இதயமாக இருக்கும்போது போனால் பலமுறை சாவீர்கள், பரவாயில்லை.

இஸட்.எல் பட்டனை அழுத்திப் பிடித்தால் நம் நாயகன் லிங்க் எதிரியைப் பார்த்துக் கேடயத்தைத் தூக்குவான். விரலை எடுக்காதீர்கள். கதிர் வந்து படுவதற்குச் சற்று முன் ஏ பட்டனை ஒரு தட்டு. வேலை அவ்வளவுதான். அந்த 'சற்று முன்' எது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

எங்கள் பையனும் அங்கேதான் விழுந்தான். கார்டியன் குறிபார்க்கும் சிவப்புக் கோடு லிங்க்கின் நெஞ்சில் பட்டதும் பீப் சத்தம் வேகமெடுக்கும். சத்தம் ஏற ஏற அவன் கட்டைவிரல் பதறி அமுக்கிவிட்டது. லிங்க் மூடியை முன்னால் தள்ளி, திரும்ப இழுத்த பிறகுதான் கதிர் வந்தது.

என் தாத்தா அந்தக் காலத்தில் இதே ராயபுரத்தில் குத்துச்சண்டை மேடை ஏறியவர். எனக்குக் கற்றுக்கொடுத்தபோது, "கிளவுஸைப் பாக்காதடா, தோள்பட்டையைப் பாரு. கை கிளம்புறதுக்கு முன்னாடி தோள் சொல்லிடும்" என்பார். கார்டியனுக்குத் தோள் அதன் கண். சுடப்போகும் நொடியில் அந்த ஒற்றைக் கண் பளீரென்று நீலமாக மின்னும். சிவப்புக் கோட்டை மறந்துவிடுங்கள், சத்தத்தைக் கூடக் குறைத்துவிடுங்கள். கிட்டத்தில் நின்றால் கண் மின்னியதும் தட்டுங்கள். தூரத்தில் நின்றால் கதிர் வந்து சேர ஒரு சிறு இடைவெளி இருக்கும், அதை விட்டுத் தட்டுங்கள். சரியாகத் தட்டினால் மூடிக்குக் கீறல் கூட விழாது.

ஸ்பீக்கரை அணைத்துக் கொடுத்தேன். கண்ணை மட்டும் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் கீழே தெருவில் போன ஐஸ் வண்டிக்காரரே நிமிர்ந்து பார்க்கும்படி ஒரு கத்தல்.

நடமாடும் கார்டியனுக்கு இதையே 3 முறை செய்ய வேண்டும். முதல் கதிர் திரும்பியதும் சந்தோஷத்தில் இஸட்.எல்லை விட்டுவிடாதீர்கள்.

கை பழகிய பிறகு ஹைலியன் கேடயத்துக்குப் போகலாம். அது ஹைரூல் கோட்டையின் சிறைக்கூடத்தில் இருக்கிறது. கடைசி அறையில் சிதறிக் கிடக்கும் எலும்புகள் ஒன்றுசேர்ந்து ஸ்டால்னாக்ஸ் என்ற எலும்பு அரக்கனாக எழும். ஒற்றைக் கண்ணில் அம்பு விடுங்கள், கடைசியில் அந்தக் கண் கழன்று விழும், அதையும் அடித்து முடித்தால்தான் கேடயம் உள்ள பெட்டி வரும். அப்புறம், இது உலோகம். இடி மழையில் முதுகில் பொறி தெறித்தால் உடனே கழற்றிவிடுங்கள். உடையாமல் தாங்கும் அளவு இதற்கு 800, சட்டி மூடிக்கு 10. அப்படியும் உடைந்தால், கேமில் நாம் கட்ட உதவும் டாரி டவுன் என்ற ஊரை முழுதாகக் கட்டி முடித்தவர்களுக்கு அங்கேயே 3000 ரூபிக்கு (கேமின் காசு) மறுபடி கிடைக்கும்.