மலையோர ரோட்டில் மிளா குறுக்கே வந்தால்: புதிதாக வண்டி ஓட்டுபவர்களுக்கு

தடிக்காரன்கோணம் தாண்டி கீரிப்பாறை போகும் ரோட்டில், ஒரு விடியக்காலம், நான் ஓட்டிய காரில் மிளா, அதாவது கடமான், அடிபட்டது. லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்து சீட்டில் மாமா. எட்டு போடவும் ரிவர்ஸ் எடுக்கவும் படித்திருந்தேன். இப்படி ஒரு நேரத்தில் கையும் காலும் என்ன செய்யவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் காட்டுக்கும் ரோட்டுக்கும் இடையே வேலி கிடையாது. 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 400 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து கிடக்கிறது. அதன் ஓரமாகவும் உள்ளேயும்தான் பாலமோர், காளிகேசம், பேச்சிப்பாறை, கோதையாறு ரோடுகள் போகின்றன. இருபுறமும் ரப்பர் தோட்டம். ரப்பருக்குப் பின்னால் காடு. சக்கை (பலா) பழுத்து விழும் காலத்தில் மிளாவும் காட்டுப்பன்னியும் தோட்டத்துக்குள்ளேயே இறங்கிவிடும்.

படி 1: கிளம்பும் முன்பு

முன்கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடையுங்கள். அழுக்குக் கண்ணாடியில் எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் ரோட்டோரம் ஒன்றுமே தெரியாது. ஹெட்லைட் இரண்டும் எரிகிறதா என்று பாருங்கள்.

போகும் பாதை எந்த வனச்சரகத்தில் வருகிறது என்று தெரிந்துகொண்டு அந்த ஆபீஸ் நம்பரை ஃபோனில் சேமியுங்கள். பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், வேளிமலை, குலசேகரம், களியல் என்று ஐந்து சரகங்கள் உண்டு. மாவட்ட வன அலுவலகம் நாகர்கோவிலில். பேச்சிப்பாறை தாண்டினால் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, அங்கே போய் இணையத்தில் நம்பர் தேட முடியாது.

படி 2: வேகம்

இதை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டாலும் போதும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். ஒரு உருவம் கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த ரோட்டில் இன்னும் சுமார் 20 மீட்டர். ஆகமொத்தம் 45 மீட்டர். லோ பீமில் அவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிவதே கஷ்டம். அதே கணக்கு 40-இல் போனால் 25 மீட்டர் சுற்றி நின்றுவிடும். நமக்கும் மிளாவுக்கும் நடுவில் இருப்பது அந்த 20 மீட்டர்தான்.

இதெல்லாம் காய்ந்த ரோட்டுக்கு. இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது. மழையில் நனைந்த ரப்பர் இலை தாரில் ஒட்டிக் கிடந்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். அந்த நாட்களில் 30 போதும்.

இருட்டு மூடும் நேரமும் விடியக்காலமும் மிளா மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் நடமாடும் நேரங்கள். அதே விடியக்காலத்தில்தான் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு ரோட்டில் வருவார்கள். மிளாவுக்காக மட்டுமல்ல, அவர்களுக்காகவும் மெதுவாகப் போங்கள்.

படி 3: கண்ணை எங்கே வைப்பது

எதிரே வண்டியோ ஆளோ இல்லையென்றால் ஹை பீம் போடுங்கள், வந்தால் இறக்குங்கள். நடுரோட்டையே பார்க்காமல் இரண்டு ஓரங்களையும் மாறி மாறிப் பாருங்கள். முதலில் தெரிவது உடம்பு அல்ல, கண். ரப்பர் மரங்களுக்கு நடுவில், இடுப்புயரத்துக்கு மேலே, இரண்டு பொட்டு பச்சை மஞ்சளாக மினுங்கினால் உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

மிளா அங்கேயே நிற்கலாம், திடீரென்று குதிக்கலாம். பயந்தால் உறைந்து நிற்பது அதன் குணம். லைட்டை லோ பீமுக்கு இறக்கி, ஹாரனை ஒருமுறை சின்னதாக அடித்து, அது போக நேரம் கொடுங்கள். ஒன்று கடந்துவிட்டது என்று உடனே நகராதீர்கள். தாய் முன்னே போனால் குட்டி பின்னால் வரும்.

படி 4: குறுக்கே வந்துவிட்டது

ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள்.

கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் வெட்டித் திருப்பினால் ரப்பர் மரம், இல்லையென்றால் ஓடை, இல்லையென்றால் எதிரே வரும் கோதையாறு பஸ். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, பிரேக்கை முழுதாக மிதியுங்கள். ஏ.பி.எஸ். (சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் பிரேக்) உள்ள வண்டியில் பெடல் காலுக்கடியில் கடகடவென்று துடிக்கும். அது கோளாறு அல்ல, காலை எடுக்காமல் அழுத்தியே வையுங்கள். பைக்கில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, வண்டியைச் சாய்க்காமல் நேராக வையுங்கள்.

மிளா ஆட்டுக்குட்டி அளவு பிராணி அல்ல. வளர்ந்த கடா 200 கிலோவுக்கு மேல் போகும். கால் நீளம் என்பதால் பம்பர் காலில் தட்டி, உடம்பு அப்படியே பானெட் மேல் சரிந்து கண்ணாடிக்கு வரும். சீட் பெல்ட்டும் ஹெல்மெட்டும் இல்லாமல் இந்த ரோடுகளில் ஏறவே ஏறாதீர்கள்.

படி 5: அடிபட்ட பிறகு

வண்டியை ஓரமாக நிறுத்தி நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுங்கள். முதலில் வண்டிக்குள் இருப்பவர்களைப் பாருங்கள். ரத்தமோ தலைச்சுற்றோ இருந்தால் 108. இறங்கும் முன்பு சுற்றிலும் பாருங்கள், கோதையாறு பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரிய எச்சரிக்கை முக்கோணத்தைத் தள்ளி வையுங்கள். அது இல்லையென்றால் இலையோடு ஒரு கிளையை ஒடித்துப் போட்டாலே நம் ஊர் ஆட்களுக்குப் புரியும். போகும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

படி 6: மிளாவின் பக்கத்தில் போகாதீர்கள்

எங்கள் வண்டியில் அடிபட்டது ஒரு பெட்டை. ரோட்டோரம் முன்னங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. காது மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தது. மூச்சு விடும்போது மூக்குக்கு முன்னால் கிடந்த ரப்பர் இலை எழும்பி எழும்பி விழுந்தது. தண்ணீர் கொடுக்கலாம் என்று பாட்டிலோடு நான் இறங்கினேன். மாமா கையைப் பிடித்துவிட்டார்.

நல்ல எண்ணத்தில் போனாலும் அதற்கு நாம் கொல்ல வருகிற ஆள்தான். மான் இனத்துக்குப் பயமே எமன். துரத்தியும் பிடித்தும் பதறவைத்தால் காயம் ஆறினாலும் பிறகு செத்துப்போவதுண்டு. பின்னங்காலால் உதைத்தால் உங்கள் எலும்பும் முறியும். பத்திருபது அடி தள்ளி நில்லுங்கள். ஹெட்லைட்டை அதன் முகத்தில் அடிக்காதீர்கள். பேசுவதையும் குறையுங்கள்.

வனச்சரக ஆபீசுக்கு ஃபோன் செய்து கிலோமீட்டர் கல் நம்பரையோ கரண்ட் போஸ்ட் நம்பரையோ சொல்லுங்கள். கிடைக்கவில்லையென்றால் 112-இல் சொல்லுங்கள்.

நாங்கள் காத்திருந்தபோது ஒரு ஜீப் வந்து நின்றது. மூன்று பேர். “அண்ணே, இது பிழைக்காது. லைட்ட அணைச்சிட்டு நீங்க போங்க, நாங்க பாத்துக்கிடுதோம்” என்று மாமாவிடம் சொன்னார்கள். என்ன பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கே புரிந்தது. மாமா குரலை உயர்த்தவில்லை. “ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லியாச்சு, ஆள் வருது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “மக்கா, நீ வண்டியிலயே இரி. ஒருத்தனும் அதுமேல கை வைக்கக்கூடாது.” ஜீப் போய்விட்டது. நீங்கள் தனியாக இருக்கும்போது இப்படி வந்தாலும் இதே வாக்கியம் உதவும்: சொல்லியாச்சு, ஆள் வருது.

சட்டமும் இதில் தெளிவு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவுப்படி, செத்துக் கிடக்கும் மிளாவும் அரசுச் சொத்து. கறியோ கொம்போ எடுத்துப் போனால் குற்றம், ஏற்றிப்போன வண்டியும் பறிபோகும். இரக்கப்பட்டுக்கூட டிக்கியில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோகாதீர்கள். நின்று சொன்னாலும் விசாரணை இருக்கும், எழுதி வாங்குவார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், வேகத்தையும் சேர்த்து.

வனத்துறை வாட்சர் வந்து முதலில் செய்தது லைட்டை அணைக்கச் சொன்னதுதான். ஒரு நனைந்த சாக்கை மெல்ல அதன் கண்மேல் போட்டார். முக்கால் மணிநேரம் யாரும் அசையவில்லை. பொழுது வெளுத்த பிறகு சாக்கை எடுத்ததும் அது எழுந்து, ஒரு காலைத் தாங்கித் தாங்கி, சரிவில் இறங்கிப்போனது. ஓடை வரை தடம் போயிருக்கிறது, ரத்தம் இல்லை என்று மறுநாள் ஃபோனில் சொன்னார்.

படி 7: வண்டியும் இன்சூரன்சும்

நகரும் முன்பு கீழே குனிந்து பாருங்கள். பச்சையாகவோ ரோஸாகவோ நீர் சொட்டினால் ரேடியேட்டர் போய்விட்டது, ஓட்டினால் இன்ஜின் சூடேறி இறுகிவிடும். பானெட் பூட்டு விழுகிறதா, டயரில் எதுவும் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கழுவுவதற்கு முன்பே ஃபோட்டோ எடுங்கள். எங்கள் பம்பர் இடுக்கில் தென்னந்தும்பு போல முரட்டு முடி சிக்கியிருந்தது, அதையும் எடுத்தோம். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது, முழு இன்சூரன்ஸ் வேண்டும். அன்றே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனு பதிவானதற்கான ரசீது) வாங்கி வையுங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன்பு பட்டறையில் எதையும் கழற்ற விடாதீர்கள்.

பம்பர் மாற்றி வந்த வண்டியில் ஹெட்லைட் கோணம் தப்பியிருக்கலாம். எங்கள் வண்டியில் இடதுபக்க லைட் மேலே மரக்கிளைக்கு அடித்துக்கொண்டிருந்தது. இருட்டிய பிறகு ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு மலைரோட்டுக்கு எடுங்கள்.