டெவில்ஸ் லேக்கில் டென்ட் போடப் போகிறீர்களா? காலை நேரத்தைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்

சிகாகோ புறநகர்களிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல், மேடிசனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், பராபூ ஊருக்குத் தெற்கே இருக்கிறது டெவில்ஸ் லேக் ஸ்டேட் பார்க். விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களிலேயே அதிகக் கூட்டம் வருவது இங்கேதான். ஜூலை மாதச் சனிக்கிழமை பத்தரை மணிக்கு வந்து சேர்கிறவர்கள் ஏரியைப் பார்ப்பதற்கு முன் கார் வரிசையைத்தான் பார்ப்பார்கள். "ஒரே நாளில் போய்வரக்கூடிய இடம்தானே, எதற்கு டென்ட், கூலர், இத்தனை சாமான்?" என்று கேட்கும் நண்பர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை, ஏரிக்கு மேலே நிற்கும் குன்றுகளின் விளிம்பு ஏறக்குறைய உங்களுடையது. அதற்காகத்தான் ராத்திரி அங்கே தங்குகிறோம். எங்கள் வீட்டில் மற்ற ஏற்பாடெல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்கும்.

முதலில் இடம். விஸ்கான்சின் பூங்காக்களில் 11 மாதம் முன்பே கேம்ப்சைட் பதிவு செய்யலாம். கோடை வார இறுதியும், இலை நிறம் மாறும் அக்டோபர் வார இறுதிகளும் திறந்த உடனே போய்விடும். அடுத்த ஜூலைக்கு இந்த ஆகஸ்டில் உட்கார்ந்து யோசிக்க முடியாதவர்களுக்கு (நானும் அந்தக் கட்சிதான்) இரண்டு வழி உண்டு. ஒன்று, ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகள். பள்ளி விடுமுறை விட்ட ஜூன் நடுவில் இது நன்றாகவே கிடைக்கும். இன்னொன்று, கடைசி வாரத்தில் கேன்சல் ஆகும் இடங்கள். மழை வரும் என்று முன்னறிவிப்பு வந்தால் பலர் பின்வாங்குவார்கள், அப்போது பதிவு செய்யும் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். கேம்ப்சைட் கட்டணம் வேறு, காருக்கான நுழைவு ஸ்டிக்கர் வேறு. இரண்டு கார் போனால் இரண்டுக்கும் ஸ்டிக்கர் வேண்டும். இலினாய் போன்ற வெளிமாநில நம்பர் பிளேட் என்றால் கட்டணமும் கூடுதல்.

கேம்ப்கிரவுண்ட் மூன்று: குவார்ட்சைட், நார்தர்ன் லைட்ஸ், ஐஸ் ஏஜ். குவார்ட்சைட் முன்பு கோல்ஃப் மைதானமாக இருந்த இடம். பரந்த புல்வெளி, ஏரிக்கு நடந்தே போய்விடலாம், ஆனால் நிழல் குறைவு. பெரிய ஆர்வி வண்டிக்காரர்களுக்கு அது பிடிக்கும். டென்ட்டுக்கு என் ஓட்டு மரங்கள் அடர்ந்த ஐஸ் ஏஜுக்குத்தான். கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அதனாலேயே அமைதி. மின்சார இணைப்பு வேண்டும், ராத்திரி தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபேப் கருவி ஓட வேண்டும் என்றால் மற்ற இரண்டில் பாருங்கள். எங்கே தங்கினாலும் ரயில் சத்தம் கேட்கலாம். ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி 1873இலேயே போட்ட தண்டவாளத்தில் சரக்கு ரயில் இன்றும் போகிறது. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், லேசாகத் தூங்குகிறவர்களுக்குக் காதில் பஞ்சு.

வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். புது டென்ட் வாங்கியிருந்தால் வீட்டுப் பின்புறத்திலோ பக்கத்துப் பார்க்கிலோ ஒரு முறை விரித்து மடித்துப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். கம்பி எது எந்த வளையத்தில் நுழையும் என்பதை டார்ச் வெளிச்சத்தில், பசித்த பிள்ளைகளுக்கு நடுவில் கற்றுக்கொள்வது குடும்ப ஒற்றுமைக்கு நல்லதல்ல. அங்கே போனதும் தலைக்கு மேல் பாருங்கள், காய்ந்த கிளை தொங்கினால் அதன் அடியில் வேண்டாம். பள்ளமான மண்ணும் வேண்டாம், இடிமழை வந்தால் தண்ணீர் அங்கேதான் நிற்கும். அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்ட்டின் அளவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைநீரைப் பிடித்து உங்கள் படுக்கைக்குக் கீழே அனுப்பிவிடும். முளைகளை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் தலை சாயும்படி அடியுங்கள். வானம் தெளிவாக இருந்தாலும் மேல்துணியைப் போட்டே தூங்குங்கள்.

கடையில் "நால்வர் டென்ட்" என்று எழுதியிருந்தால் இரண்டு பெரியவரும் ஒரு குழந்தையும் பையோடு படுக்கலாம், அவ்வளவுதான். ஸ்லீப்பிங் பேக்கில் போட்டிருக்கும் வெப்ப அளவும் இதே கதை. பெரும்பாலும் அது உயிர் தாங்கும் அளவு, சுகமாகத் தூங்கும் அளவு அல்ல. எதிர்பார்க்கும் குளிரைவிட 15, 20 டிகிரி குறைவான எண் போட்டதை எடுங்கள். ஜூலையிலும் பின்னிரவில் 60 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும் நாள்கள் உண்டு, அக்டோபரில் உறைநிலை வரை போகும். குளிர் அதிகம் ஏறுவது மேலிருந்து அல்ல, தரையிலிருந்து. இரண்டாவது கம்பளிக்குச் செலவழிப்பதற்குப் பதில் அடியில் போடும் மெத்தைக்குச் செலவழியுங்கள்.

சரி, சாப்பாடு. இங்கே ஊரை ஆள்வது ரேக்கூன். கரடியைப் பற்றிப் பயந்துகொண்டு வருகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. கைவிரல் மாதிரியே விரல்கள் உள்ள இந்தப் பிராணிக்கு ஜிப் திறக்கத் தெரியும், கூலர் மூடியைத் தூக்கவும் தெரியும். ஒரு முறை பக்கத்து சைட்டில் எல்லாரும் நெருப்பைச் சுற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் முதுகுக்குப் பின்னால் மேசையிலிருந்த சிப்ஸ் பாக்கெட் நடந்து போனதை நாங்கள் பார்த்தோம். அதனால் சாப்பிட்டு முடித்த கையோடு எல்லாம் காருக்குள் போகவேண்டும்: கூலர், முறுக்கு டப்பா, குப்பைப் பை, பற்பசை கூட. டென்ட்டுக்குள் ஒரு பிஸ்கட் துண்டும் கூடாது. குழந்தையின் சட்டைப் பையையும் தடவிப் பார்த்துவிடுங்கள்.

சமையலை எளிமையாக வையுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு வீட்டிலிருந்து கட்டிய புளியோதரை. சனிக்கிழமை காலைக்கு, வீட்டிலேயே கடுகு, கறிவேப்பிலை தாளித்து ரவையையும் வறுத்து ஒரு ஜிப்லாக் பையில் போட்டது. இரண்டு பர்னர் ப்ரோபேன் அடுப்பில் தண்ணீர் கொதித்தால் பத்து நிமிடத்தில் உப்புமா. விறகு நெருப்பில் சமைக்கலாம் என்று கனவு காணாதீர்கள், அது சோளக்கதிருக்கும் மார்ஷ்மெல்லோவுக்கும்தான் சரிவரும். குடிதண்ணீர் பாட்டில்களில் சிலவற்றை உறையவைத்துக் கூலரில் போட்டால், தூள் ஐஸைவிட நேரம் தாங்கும், பிறகு குடிக்கவும் ஆகும்.

விறகை வீட்டிலிருந்து கொண்டு போகாதீர்கள். பூங்காவிலிருந்து 10 மைலுக்குள் கிடைத்த விறகு, அல்லது முறைப்படி பதப்படுத்திச் சான்று பெற்ற விறகுக்கு மட்டுமே அனுமதி. காரணம் எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு. 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது, 2008இல் விஸ்கான்சினிலும் தெரியவந்தது. அது வேகமாகப் பரவ ஒரு பெரிய காரணம் மனிதர்கள் காரில் ஏற்றிச் சென்ற விறகு. அங்கேயே ஒரு கட்டு வாங்கிக்கொள்ளலாம். தூங்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

இரவு 11 மணிக்கு அமைதி நேரம் தொடங்கும். நம் ஆட்கள் ஏழெட்டுக் குடும்பமாகப் போனால் அந்தாக்ஷரி எப்படிப் போகும் என்று எனக்கும் தெரியும். பாடுங்கள், ஆனால் ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பதினொன்றுக்கு நிறுத்துங்கள், காலையில் எழ வேண்டும்.

அந்தக் காலைக்கு வருவோம். கோடையில் ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடும். ஒரு டீ, கையில் ஒரு வாழைப்பழம், ஆறு மணிக்கு நடை. உப்புமா, நடை முடிந்து நாம் திரும்பி வந்த பிறகு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள அடிப்பகுதி கொண்ட ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம்.

குழந்தைகளோடு முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் பாதை வடகரையிலிருந்து தொடங்கி ஏரியின் கிழக்குக் குன்றில் ஏறும் ஈஸ்ட் பிளஃப் ட்ரெயில். ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எலிஃபன்ட் ராக் வந்துவிடும். யானைப் பாறை என்று சொன்னதும் எந்தப் பிள்ளையும் கால் வலியை மறந்துவிடும். பிறகு விளிம்பை ஒட்டியே நடை, வலப்பக்கம் கீழே ஏரி. தெற்கு முனையைத் தாண்டினால் டெவில்ஸ் டோர்வே, பாறைகளே வாசல்போல அடுக்கி நிற்கும் இடம். எட்டரைக்கு மேல் அங்கே போட்டோவுக்கு வரிசை நிற்க வேண்டிவரும். திரும்பும்போது ஈஸ்ட் பிளஃப் வுட்ஸ் ட்ரெயிலில் இறங்குங்கள். காட்டுக்குள் போகும் மிதமான சரிவு, முட்டிக்கு நல்லது. மொத்தம் மூன்று மைலுக்குச் சற்று மேல்.

உடம்பில் தெம்பு உள்ளவர்களுக்குத் தெற்கு முனையிலிருந்து ஏறும் பேலன்ஸ்டு ராக் ட்ரெயில். அரை மைல் கூட இல்லை, ஆனால் கற்படிகளாக நிமிர்ந்து நிற்கும். ஏரிக்கு மேல் இந்தக் குன்றுகளின் உயரம் சுமார் 500 அடி, அதில் பெரும்பகுதியை ஒரே மூச்சில் ஏறுகிற பாதை இது. இதில் ஏறுங்கள், இறங்காதீர்கள். இந்தக் குவார்ட்சைட் கல் வழவழப்பானது, பனி ஈரமோ மழையோ பட்டால் சோப்பு மாதிரி. மேலே விளிம்பில் பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் கையை விடக் கூடாது, செல்ஃபி எடுக்கும் மாமாக்களின் கையையும்தான்.

மேலே உட்கார்ந்திருக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை உண்டு. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இளஞ்சிவப்புக் கல் ஏறக்குறைய 160 கோடி ஆண்டுகளுக்கு முன் கடற்கரை மணலாக இருந்தது. சில பாறைகளில் அலை வரிகளை இன்றும் பார்க்கலாம், தேடச் சொல்லுங்கள். ஏரி மட்டும் நேற்றுப் பிறந்தது. கடைசிப் பனியுகத்தில் வந்த பனியாறு, குன்றுகளுக்கு நடுவிலிருந்த பள்ளத்தாக்கின் இரண்டு வாயிலும் மண்ணையும் கல்லையும் கொட்டி அடைத்துவிட்டது. நடுவில் தேங்கியதுதான் 360 ஏக்கர் தண்ணீர். ஹோ-சங்க் பழங்குடியினருக்கு இது புனித ஏரி. கரையோரப் புல்வெளியில் பறவை, விலங்கு வடிவில் பழங்குடி மக்கள் எழுப்பிய பழைய மண்மேடுகள் இருக்கின்றன. பலகை வைத்திருப்பார்கள். அவற்றின் மேல் ஏறி விளையாடவிடாதீர்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களை டென்ட்டில் உட்கார வைத்துவிட்டுப் போகவேண்டியதில்லை. மேற்குக் கரையை ஒட்டி டம்பிள்டு ராக்ஸ் ட்ரெயில் இருக்கிறது, ஒரு மைல், பெரும்பாலும் சமதரை. மேலிருந்து சரிந்து விழுந்த பெரும்பாறைகளுக்கு நடுவே, ஏரியைப் பார்த்துக்கொண்டே போகலாம். புடவையும் ஸ்னீக்கரும் போட்ட அம்மாக்களை அங்கே அடிக்கடி பார்க்கலாம். போன வழியே திரும்பி வந்தால் இரண்டு மைல். முழுதும் போகத்தான் வேண்டும் என்பதில்லை.

பதினொரு மணிக்கெல்லாம் மேலே கூட்டம் நிரம்பும். நீங்கள் அப்போது தண்ணீரில் இருப்பீர்கள். வடகரை, தென்கரை இரண்டிலும் மணல் கரை உண்டு, லைஃப்கார்ட் கிடையாது. பிள்ளைகள் இறங்கினால் ஒரு பெரியவர் போனைப் பையில் வைத்துவிட்டுக் கரையில் நிற்கவேண்டும், யார் என்று பேர் சொல்லியே முடிவு செய்யுங்கள். ஏரியில் பெட்ரோல் மோட்டார் படகுக்கு அனுமதியில்லை, மின் மோட்டார் மட்டும். அதனால் கயாக் வாடகைக்கு எடுத்துப் பழக இது நல்ல ஏரி. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் போட்டு வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். கரையேறியவுடன் துண்டால் அழுத்தித் துடையுங்கள். சில நாள்களில் நுண்ணிய ஒட்டுண்ணிகளால் தோல் அரிக்கும், ஈரம் தானாகக் காயவிட்டால் அது கூடும்.

மாலையில் செய்தே ஆகவேண்டியது உண்ணிச் சோதனை. விஸ்கான்சினில் லைம் நோய் நிறைய. பரப்புவது எள்ளளவே உள்ள மான் உண்ணி. நடக்கும்போது பாதையின் நடுவில் நடங்கள், பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், அழகைப் பார்க்காதீர்கள். உண்ணியை விரட்டும் பெர்மெத்ரின் மருந்தைத் துணிக்கு மட்டும், முந்தின நாளே தெளித்துக் காயவையுங்கள். முட்டியின் பின்பக்கம், இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம், எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கவேண்டும். வாசலின், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். கிருமி உடம்பில் ஏறப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதனால் அன்றன்றே பார்த்தால் போதும். பிறகு காய்ச்சலோ வட்டமாகத் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும், தொட்டால் தோல் அரிக்கும் பாய்சன் ஐவிச் செடியையும் பிள்ளைகளுக்கு முதல் நாளே காட்டிவிடுங்கள்.

ஞாயிறு காலையில் வெஸ்ட் பிளஃப் ஏறலாம், கூட்டம் இன்னும் குறைவு. ஏறுவதற்கு முன்பே டென்ட்டைப் பாதி பிரித்து, மேல்துணியை வெயிலில் மேசைமேல் விரித்துவிட்டுப் போங்கள். திரும்பி வருவதற்குள் பனி ஈரம் காய்ந்திருக்கும். காயாவிட்டால் அப்படியே சுருட்டி எடுத்துப்போய், வீட்டில் கராஜிலோ பால்கனியிலோ அன்று இரவே விரித்துப் போடுங்கள். ஈரத்தோடு பைக்குள் கிடந்தால் அடுத்த தடவை திறக்கும்போது பூஞ்சை வாடை அடிக்கும், எந்தச் சோப்புக்கும் அது போகாது.