விரிவுரையாளரோடு தமிழகம்: திருகோணமலை இளமாணி மாணவர்களின் ஆய்வுப் பயணத்துக்கு ஒரு கையேடு

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் இருந்து ஒரு குழு தமிழகம் போய்ப் பத்து நாள் ஆய்வு செய்வதென்றால், ஆயத்தத்தை எட்டு மாதம் முன்பே தொடங்குங்கள். முதலில் முடிவாக வேண்டியது ஊரல்ல, கேள்வி. "தமிழகத்தில் சித்த மருத்துவம்" என்பது கேள்வியாகாது, அது சுற்றுலாத் தலைப்பு. "தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் புறநோயாளர் பிரிவுக்கு மூட்டுவலியோடு வருவோர், வெளிப்பூச்சு எண்ணெயை வீட்டில் எப்படிப் பாவிக்கிறார்கள்?" என்று கேட்டால் அது பத்து நாளுக்குள் அடங்கும்.

பத்து நாள் என்றாலும் கையில் கிடைப்பது ஆறு நாள்தான். போக்குவரத்துக்கு இரண்டு நாள், ஞாயிறு ஒன்று, அனுமதிக் கடிதத்தோடு மேசை மேசையாக அலைய ஒன்று. ஆகவே இரண்டு இடங்களுக்கு மேல் வைக்க வேண்டாம். தாம்பரத்தில் இருந்து, ஆவணக் காப்பகம் இருக்கும் எழும்பூருக்குப் புறநகர் ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். காலையில் மருத்துவமனை, மாலையில் ஆவணக் காப்பகம் என்று போட்ட நிகழ்ச்சி நிரல் முதல் நாளிலேயே குலையும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை, சென்னையில் வெள்ளமும் புயலும் வரும் காலம். ஜனவரி நடுவில் பொங்கல் விடுமுறை, அலுவலகங்கள் வரிசையாகப் பூட்டு. பெப்ரவரியும் மார்ச்சும் நல்லது. அதற்கு முன் பரீட்சைத் திகதியையும், 80 வீத வரவு நிபந்தனை எத்தனை விரிவுரைகளைத் தவறவிட இடம் தருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிக் கடதாசி. பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இங்கேதான். ஆய்வுக்குப் போகிறோம் என்றால் ஒவ்வொரு கடதாசியும் ஒரே தலைப்பு, ஒரே திகதி, ஒரே பெயர்ப் பட்டியலைச் சொல்ல வேண்டும். பீடச் சபைக்குப் போகும் விண்ணப்பத்தில் "களப்பயணம்", அழைப்புக் கடிதத்தில் "கருத்தரங்கு", விசாப் படிவத்தில் "சுற்றுலா" என்று இருந்தால், குடிவரவு மேசையில் கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. ஏற்பு நிறுவனத்திடம் (அங்கே உங்களை ஏற்று ஆய்வுக்கு இடம்தரும் நிறுவனம்) கடிதம் வாங்கும்போதே ஆய்வுத் தலைப்பு, நாட்கள், பொறுப்பாளரின் பெயர், ஒவ்வொரு மாணவரின் கடவுச்சீட்டு இலக்கம் எல்லாம் அதில் வரச் செய்யுங்கள். அந்தக் கடிதத்தை விசா அலுவலகத்துக்கு அனுப்பி, இந்த வேலைக்கு எந்த வகை விசா என்று எழுத்தில் கேளுங்கள். முகவர் வாயால் சொல்வதை நம்பிப் பதினைந்து பேரின் விண்ணப்பத்தைப் போடக்கூடாது.

பீடச் சபை, மூதவை, பேரவை என்று அனுமதி ஏறும் ஒவ்வொரு படியும் பெரும்பாலும் மாதத்துக்கு ஒருமுறை கூடுவது. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு மாதம் போய்விடும். நோயாளரிடமோ பொதுமக்களிடமோ கேள்வி கேட்பதானால் அறநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி இங்கேயும் வேண்டும், அங்கேயும் வேண்டும். இங்கு கிடைத்த அனுமதியைக் காட்டினால் அங்கே போதும் என்று நினைத்துப் போனவர்கள், நோயாளரை நெருங்கவே முடியாமல் நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்ப வேண்டிவரும்.

பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழ் தமிழில், அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், பல்கலைக்கழகப் பதிவில் இன்னொன்று: நம் பக்கத்தில் இது வழமை. தந்தை பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் மற்ற இடத்தில் முழுதாகவும் நிற்கும். கடவுச்சீட்டில் வந்த எழுத்துக்கூட்டலையே மூலமாக வைத்து, விசாப் படிவம், விமானச் சீட்டு, அழைப்புக் கடிதம், காப்புறுதி எல்லாவற்றிலும் அப்படியே எழுதுங்கள். கடவுச்சீட்டே இல்லாதவர்கள் அன்றே விண்ணப்பிக்கட்டும். வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு, எல்லாரும் பத்தரமுல்லைக்கு ஓட வேண்டியதில்லை. இருக்கும் கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும், வெற்றுப் பக்கம் இரண்டும் வேண்டும். கடவுச்சீட்டுக்கு எடுத்த படம் இந்திய விசாவுக்கு ஆகாது. அதற்கு இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி. ஸ்டூடியோவில் இதைச் சொல்லியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பழக்கத்தில் 35க்கு 45 மில்லிமீற்றரில் வெட்டித் தந்துவிடுவார்கள்.

விமான வழி இரண்டு. கட்டுநாயக்கவில் சென்னைக்கு விமானங்கள் அதிகம், ஆனால் திருகோணமலையில் இருந்து இரவு ரயிலோ 49ஆம் இலக்க பஸ்ஸோ பிடித்துக் கொழும்பில் இறங்கியபின் இன்னும் ஒரு ஓட்டம் இருக்கிறது. பலாலியில் இருந்து சென்னைக்குப் பறப்பது சிறிய ஏ.டி.ஆர். விமானம். தூரம் குறைவுபோலத் தெரியும், ஆனால் முதல் நாள் மாலையே யாழ்ப்பாணம் போய்த் தங்கினால்தான் நிம்மதி. பொதி அளவையும் முன்பே பாருங்கள். காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் மலிவு. 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஓகஸ்ட்டில்தான் மீண்டும் ஓடியது. கடல் குழம்பினால் ஓடாது. தனியாள் அதில் போகலாம், திகதி குறித்து அனுமதி வாங்கிய குழு போகக்கூடாது. பத்துப் பேருக்கு மேற்பட்டால் விமானக் கம்பனியின் குழுப் பதிவில் கேளுங்கள், பெயர் கொடுக்கச் சற்று அவகாசம் கிடைக்கும்.

தங்குமிடம் விடயத்தில் மலிவு பார்த்து ஏமாற வேண்டாம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதி அதைப் பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பதிவு வசதி இல்லாத சிறு லொட்ஜ்கள், இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் கையை விரிக்கும். இரவு பத்து மணிக்குப் பதினைந்து பேரோடு தெருவில் நிற்பதைவிட ஏற்பு நிறுவனத்தின் விருந்தினர் இல்லத்தைக் கேட்பது மேல். உறவினர் வீட்டில் தங்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பதிவு பொருந்தும். பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் விரிவுரையாளர் ஒருவர் கட்டாயம். ஒரு விரிவுரையாளருக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் என்பது சரியான கணக்கு.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஒல்லாந்தர் காலப் பதிவுகளும் உண்டு என்பதால் வரலாற்று மாணவர்களுக்கு ஆசை பிறக்கும். துறைத் தலைவரின் கடிதமும் முன்னனுமதியும் இல்லாமல் வாசலுக்குப் போக வேண்டாம். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலை இங்கிருந்தே தேடி, வேண்டிய நூல்களின் விவரத்தை முன்கூட்டி அனுப்பிவிட்டால் ஒரு நாள் மிச்சம். பென்சில் கொண்டுபோங்கள். படமெடுக்க முடியுமா, பிரதிக்கு என்ன கட்டணம் என்று கேட்டபின்தான் போனை வெளியே எடுக்க வேண்டும்.

மூலிகை விடயத்தில் விளையாட்டு வேண்டாம். இந்தியாவின் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி, வெளிநாட்டவர் ஆய்வுக்கென்று தாவர மாதிரி எடுக்க, சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். இளமாணி ஆய்வுக்கு அந்த வழியில் இறங்காமல், படம், குறிப்பு, நேர்காணல் ஆகியவற்றோடு நிறுத்துவதே புத்தி. 75 ஆண்டுக்கு மேற்பட்ட ஓலைச்சுவடியை அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்கக்கூடாது, நாட்டுக்கு வெளியே கொண்டுவரும்போது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் அகப்படுவீர்கள். ட்ரோன், செய்மதித் தொலைபேசி, செய்மதி வழி செய்தி அனுப்பும் ஜி.பி.எஸ். கருவி எதுவும் பையில் இருக்கவே கூடாது.

காசை டொலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றுங்கள். வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிட்டு, முதல் நாளே சிறு தொகை எடுத்துப் பாருங்கள். உள்ளூர் சிம்முக்குக் கடவுச்சீட்டு, விசாப் பிரதி, படம் கேட்பார்கள், உயிர்பெற ஒரு நாளும் ஆகலாம். அதனால் முதல் இரவுக்கு இங்குள்ள சிம்மின் ரோமிங் இருக்கட்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தின் இலக்கத்தைப் போனில் மட்டுமல்லாமல் கடதாசியிலும் எழுதி வைத்திருங்கள்.

பல்கலைக்கழக முற்பணத்துக்கு நிதியாளர் பகுதி மூலப் பற்றுச்சீட்டுக் கேட்கும். தெரு ஓட்டோக்காரர் பற்றுச்சீட்டுத் தரமாட்டார். ஊபர், ஓலா போன்றவற்றில் ஏறினால் மின்னஞ்சலில் வந்துவிடும். கணக்கு எழுதும் பொறுப்பை ஒரு மாணவரிடம் கொடுத்து, ஒவ்வொரு இரவும் தாளில் ஒட்டிக் கையொப்பம் வாங்குங்கள். சாப்பாட்டுக் கடைச் சீட்டுகளின் மை சில வாரத்தில் மங்கும், அன்றன்றே படமும் எடுத்துவிடுங்கள்.