பீப்பாயில் நொதித்த ரியோஹா வெள்ளை ஒயின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடக்கு ஸ்பெயினில் எப்ரோ ஆற்றையொட்டி அமைந்த ரியோஹா, சிவப்பு ஒயினுக்குப் பேர்போன பகுதி. வியூரா என்னும் வெள்ளைத் திராட்சையின் சாற்றை 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாயிலேயே நொதிக்கவிட்டு எடுக்கும் வெள்ளை ஒயினும் அங்கே உண்டு. நிறத்தைப் பார்த்து அதையும் சாதாரண வெள்ளை ஒயின்களின் கணக்கில் சேர்ப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து 4 அல்லது 5 டிகிரியில் எடுத்து அப்படியே ஊற்றினால், மணம் அடங்கிப்போய், புளிப்பும் மரத்தின் துவர்ப்பும் மட்டுமே நாவில் நிற்கும். அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்து, 10 முதல் 13 டிகிரிக்குள் வாயகன்ற கோப்பையில் ஊற்ற வேண்டும். முதல் மிடற்றில் எலுமிச்சைத் தோலின் கூர்மை மட்டும் தெரியும். கோப்பை சற்றே வெப்பம் ஏறியதும் வெண்ணெய், வறுத்த பாதாம், தேன் என்று ஒவ்வொன்றாக மேலெழும்.

பீப்பாயில் நொதித்ததையும், எஃகுத் தொட்டியில் நொதித்த பின் பீப்பாய்க்கு மாற்றியதையும் ஒன்றெனக் கொள்வது அடுத்த தவறு. பீப்பாய்க்குள்ளேயே நொதிக்கும்போது, மரத்திலிருந்து இறங்கும் வெனிலா மணப்பொருளின் ஒரு பகுதியை ஈஸ்ட் மணம் குறைந்த வேறொரு பொருளாக மாற்றிவிடுவதாலும், அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை அவ்வப்போது கலக்கிவிடுவதாலும், மரவாடை தனித்துத் துருத்தாமல் ஒயினுக்குத் திரட்சி கூடுகிறது. ஆகவே, பாட்டிலில் ‘ஃபெர்மென்டாடோ என் பர்ரிகா’ (பீப்பாயில் நொதித்தது) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. ‘கிரியான்சா’ என்பது முதிர்வுக் காலத்தைக் குறிக்கும் சொல்லே தவிர, எங்கே நொதித்தது என்பதைச் சொல்லாது. பொன்னிறத்தைக் கண்டு கெட்டுவிட்டதாக எண்ணவும் வேண்டாம்.

வெள்ளை ஒயின் என்றால் மீன் என்னும் பொதுவிதியும் இங்கே பாதிதான் செல்லும். பச்சையாகத் தின்னும் சிப்பியின் மென்சுவையை இந்த ஒயின் அமுக்கிவிடும். அதற்கு வடமேற்கு ஸ்பெயினிலுள்ள கலீசியாவின் அல்பரீன்யோ என்னும் வெள்ளை ஒயின் இருக்கிறது. மாறாக, வடக்கு ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் செய்யும் ‘பக்கலாவ் அல் பில்-பில்’ என்னும் மீன் உணவு இதற்கென்றே செய்ததைப் போல் பொருந்தும். உப்பிட்ட காட் மீனை ஊறவைத்து உப்பு நீக்கி, பூண்டு காய்ச்சிய ஆலிவ் எண்ணெயில் சிறுதீயில் வேகவிட்டு, மண்சட்டியை வட்டமாக அசைத்துக்கொண்டே இருந்தால், மீன்தோலின் பசை எண்ணெயோடு கலந்து வெண்குழம்பாகக் கெட்டிப்படும். அந்தக் கொழுப்புக்கு ஈடுகொடுக்கும் திரட்சியும், அதை அறுக்கும் புளிப்பும் இந்த ஒயினில் ஒருங்கே உள்ளன. சுட்ட கோழி, காளான், இடியாசபல் என்னும் செம்மறியாட்டுப்பால் பாலாடைக்கட்டி ஆகியவையும் தாராளமாகப் பொருந்தும்.

வினிகரில் ஊறிய நெத்திலியோடு குடித்தால் ஒயின் சப்பென்றாகிவிடும். அதே எப்ரோ சமவெளியில் விளையும் ஆர்ட்டிச்சோக் என்னும் மொட்டுக் காயைத் தின்றபின் குடித்தால், அடுத்த மிடறு காரணமின்றி இனிப்பதாகத் தோன்றும். ஊர்க்காரர்கள் சேர்ப்பதைப் போல் அதோடு ஹமோன் என்னும் உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை இறைச்சியைச் சேர்த்து வதக்கினால் இந்தக் குறை ஓரளவு தணிகிறது. மிளகாய்க் காரம் மிகுந்த உணவோடு இதைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டிவிடும். மீந்த பாட்டிலைக் கொட்டிவிட வேண்டியதில்லை: தக்கையிட்டுக் குளிரில் வைத்தால் மறுநாள் கோழி உணவுக்குத் தாராளமாக ஆகும்.